60 டிகிரிக்கு வடக்கே எஸ்ஆர்டிஎம் இல்லை, காசான் ஆற்றுக்கு டோபோ மேப் எப்படிப் போடுவது?

குமுளிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நடக்கிற டிஜிட்டல் ரீசர்வேயில் ஜிபிஎஸ் ரோவர் தூக்குகிறவன் நான், அதனால் நிலம் அளப்பது புதிதில்லை, ஆனால் இப்போது கேட்கப்போவது நம்ம பக்கத்து நிலத்தைப் பற்றி இல்லை. தங்கச்சி மாப்பிள்ளை கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறார். அவரும் கூட வேலை பார்க்கிறவர்களும் வருகிற ஜூலையில் காஸ்பா ஏரியில் மிதவை விமானத்தில் இறங்கி, காசான் ஆறு வழியாக எனடாய் ஏரி வரைக்கும் கனோவில் போகப்போகிறார்களாம். ரோடு கிடையாது, டவர் கிடையாது, நடுவில் ஒரு ஊர்கூடக் கிடையாது. "மச்சான், நீங்கதான் சர்வே ஆளாச்சே, ஒரு நல்ல மேப் போட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். நானும் சரி என்று சொல்லிவிட்டு க்யூஜிஐஎஸ் என்கிற மேப் சாஃப்ட்வேரைத் திறந்து உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக இடிக்கிறது.

எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைத் தேடினால் 59 டிகிரி டைலோடு நின்றுவிடுகிறது, காஸ்பா ஏரி 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. சரி என்று கோப்பர்நிக்கஸ் உயரத் தரவை 30 மீட்டர் பிக்சலில் எடுத்து, ஆற்றை ஒட்டிய பகுதிக்கு மட்டும் ஆர்க்டிக்டெம் 2 மீட்டர் எடுத்து ஒட்டினேன், ஒட்டின இடத்தில் பெரிய படிக்கட்டு மாதிரி உயரம் மாறுகிறது. ஏரித் தண்ணீருக்கு மேலே கான்டூர், அதாவது சம உயரக் கோடு, கன்னாபின்னாவென்று ஓடுகிறது. அப்புறம் ஏரியைக் குறுக்கே கடக்கும் தூரத்தை மெஷர் டூலில் பார்த்தால் ஒரு கணக்கு, லைன் போட்டு ஃபீல்டு கால்குலேட்டரில் பார்த்தால் கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. எதை நம்புவது?

கடைசியாக ஒன்று. ரேபிட்ஸ், அதாவது ஆறு நுரைத்து வேகமாக இறங்குகிற இடம், எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம், அதற்காக 5 மீட்டர் கான்டூர் கேட்கிறார். போடலாமா?

நகரி ஜிஐஎஸ்

அண்ணா, நான் நகரியில் வீட்டிலிருந்தே ஹைதராபாத் கம்பெனி ஒன்றுக்கு டெம் என்கிற நில உயரத் தரவு வேலைதான் செய்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடத்தில் ரேடாரைக் கட்டி 11 நாளில் எடுத்தது. ஓடம் சுற்றிய பாதை 57 டிகிரி சாய்வு, ரேடார் பக்கவாட்டில் பார்த்ததால் 60 வரை எட்டியது, அதற்கு மேல் பறக்கவே இல்லை. வடகனடா, அலாஸ்காவின் பெரும்பகுதி, சைபீரியாவின் வடபாதி எல்லாம் அதில் கிடையாது. உங்கள் ஏரி கோட்டுக்கு ஒட்டி வெளியே விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

படிக்கட்டு வருவதற்குக் காரணம் உயரத்தின் அடிப்படை வேறு. கோப்பர்நிக்கஸ் ஈஜிஎம்2008 ஜியாய்டுக்கு மேலே, அதாவது ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்து. ஆர்க்டிக்டெம் டபிள்யூஜிஎஸ்84 நீள்வட்டத்திலிருந்து, அதாவது ஜிபிஎஸ் பூமிக்கு எடுத்துக்கொள்ளும் கணித உருவத்திலிருந்து. ரோவர் பிடிக்கிற உங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், தென்கேரளத்தில் ஜிபிஎஸ் கொடுக்கிற நீள்வட்ட உயரம் கடல்மட்ட உயரத்தைவிட 90 மீட்டருக்கு மேல் குறைவாக நிற்குமே, அதே கதை. ஹட்சன் விரிகுடாவைச் சுற்றியும் ஜியாய்டு பள்ளம்தான், நம் அளவுக்கு இல்லாவிட்டாலும் சில பத்து மீட்டர் இருக்கும். ஆர்க்டிக்டெம்மை முதலில் ஈஜிஎம்2008-க்கு மாற்றுங்கள், அப்புறம் ஒட்டுங்கள்.

தண்ணீர் மேல் வருகிற குப்பை ஆர்க்டிக்டெம்முடையது. அது ரேடார் இல்லை, வேர்ல்டுவியூ போன்ற செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த படங்களைப் பொருத்திக் கணக்கிடுவது. பாறையிலும் புதரிலும் பொருத்த ஏதாவது அடையாளம் கிடைக்கும், அலை அடிக்கிற தண்ணீரில் என்ன கிடைக்கும்? ஏரி பாலிகனை வைத்து அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, கரையின் உயரத்தை ஒரே மட்டமாக உள்ளே நிரப்புங்கள்.

இரட்டைத் தூரம்: உங்கள் புராஜெக்ட் வெப் மெர்க்கேட்டர் என்கிற வீழலில், அதாவது உருண்டையைத் தட்டையாக்கும் முறையில், இருக்கிறது, பின்னணியில் சாட்டிலைட் படம் போட்டதும் அது தானாக அப்படி ஆகியிருக்கும். அந்த வீழலில் 60 டிகிரியில் எல்லாமே சரியாக இரண்டு மடங்கு நீளும், காஸ் 60 அரை என்பதால். மெஷர் டூல் நீள்வட்டத்தில் கணக்கிடுகிறது, அதுதான் சரி. கால்குலேட்டரில் லெங்த் என்று போட்டால் தட்டையான தூரம் வரும், டாலர் குறி போட்ட லெங்த்தை எடுங்கள். குமுளியில் இதே வேலையைச் செய்தால் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரைக்குள்தான் வரும், அதனால்தான் நம் ஊர்ப் பக்கம் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

5 மீட்டர் கான்டூர் வேண்டாம். பழைய விதி ஒன்று உண்டு, பத்துப் புள்ளிகளில் ஒன்பது கான்டூர் இடைவெளியில் பாதிக்குள் சரியாக இருக்க வேண்டும். கோப்பர்நிக்கஸ் தனக்குச் சொல்லிக்கொள்ளும் துல்லியம் அதே தொண்ணூறு சதவீதக் கணக்கில் 4 மீட்டர். அப்படியென்றால் 8-க்குக் கீழே போகவே முடியாது, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் 1 மீட்டர் கேட்டாலும் போட்டுத் தரும், அது வேறு விஷயம்.

பாலக்காட்டுச் சர்வேயர்

தம்பி, நான் சித்தூர், பாலக்காட்டுச் சித்தூர், மேலே எழுதின நகரித் தம்பி ஊர்ப் பக்கத்துச் சித்தூர் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. நீங்கள் இருவரும் செயற்கைக்கோளிலிருந்தே ஆரம்பிக்கிறீர்கள். அந்த நாட்டுக்கு ஏற்கெனவே 1:50,000-ல் அரசு டோபோ ஷீட் இருக்கிறது, என்டிஎஸ் என்று பெயர், 13,000-க்கும் மேற்பட்ட தாள்கள், முழு நாட்டுக்கும் வேலை முடிந்தது 2012-ல்தான். ஒரு வேடிக்கை பாருங்கள். நம் இந்தியத் தாள் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம். அவர்களுடையது அந்த அட்சத்தில் 15 நிமிட உயரம், 30 நிமிட அகலம். 60 டிகிரியில் தீர்க்கக்கோடுகள் பாதியாக நெருங்கிவிடுவதால் தரையில் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, பக்கத்துக்கு 27, 28 கிலோமீட்டர். குமுளித் தம்பி கையில் வைத்திருக்கும் 58 ஜி தாள்கள் எவ்வளவு நிலத்தைக் காட்டுமோ அவ்வளவுதான் அங்கேயும்.

அந்தத் தாள் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று புரியும். நம் பக்கம் லாம்டன் 1802-ல் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்துவிட்டு, மலை உச்சி, கோயில் கோபுரம் என்று ஏறி ஏறி முக்கோணம் போட்டுக்கொண்டே போனார். அங்கே ஏறுவதற்கு உச்சி இல்லை. பனியாறு தேய்த்துவிட்ட பாறைத் தரை, ஏரி, சதுப்பு, மறுபடி ஏரி. கோணம் அளக்கும் தியோடலைட்டை வைத்தால் அடுத்த நிலையம் கண்ணில் படாது. அதனால் உலகப் போருக்குப் பிறகு ஷோரான் என்று ரேடியோ முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள், குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்ட உண்டாக்கியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் தரையில் இரண்டு நிலையங்கள், நடுவில் விமானம் குறுக்கே பறக்கும். பறக்கும்போது விமானத்திலிருந்து இரண்டு நிலையங்களுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள், கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைகிறதோ அந்தக் கணத்தில் விமானம் சரியாகக் கோட்டின் மேல் இருக்கிறது, அதிலிருந்து நிலையங்களுக்கு இடையிலான தூரம் கிடைத்துவிடும். கோணமே அளக்காமல் பக்கங்களை மட்டும் அளந்து முக்கோணம் கட்டுவது. 1949-லிருந்து 1957 வரை இப்படியே வடக்கு முழுக்க வலை போட்டார்கள்.

படம் எடுத்தது இன்னொரு கதை. போர்க் காலத்தில் அமெரிக்க விமானங்கள் மூன்று கேமராவைக் கட்டிக்கொண்டு பறந்தன, ஒன்று நேர் கீழே, இரண்டு இரண்டு பக்கமும் சாய்வாக, ஒரு தொடுவானத்திலிருந்து மறு தொடுவானம் வரை ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். ட்ரைமெட்ரோகான் என்பார்கள். பெரிய பரப்பைச் சுருக்கிக் காட்டும் மேப்புக்கு அது போதும், ஓரத்தில் வரும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் போதாது. 1:50,000 தாள்களுக்குப் பிறகு செங்குத்தாக எடுத்த படங்களை வைத்து வரைந்தார்கள்.

அதனால் தாளை இறக்கியதும் முதலில் மார்ஜினைப் படியுங்கள். எந்த வருஷத்து வான்படம், எந்த டேட்டம், அதாவது அட்ச தீர்க்கம் எந்த அடிப்படையில் எண்ணியது என்று அதில் இருக்கும். 1927 டேட்டம் என்று போட்ட பழைய தாளில் கட்டங்களை வைத்து ஜிபிஎஸ்ஸை 1983 டேட்டத்தில் ஓட்டினால் வடக்கு தெற்காகச் சுமார் 200 மீட்டர் தள்ளிக் காட்டும். ஆற்றில் 200 மீட்டர் என்பது ரேபிட்ஸுக்கு மேலே இருக்கிறோமா, ஏற்கெனவே உள்ளே இருக்கிறோமா என்கிற கேள்வி.

மறையூர் மலைக்காரன்

நான் ட்ரெக்கிங் கூட்டிக்கொண்டு போகிறவன், சாஃப்ட்வேர் எல்லாம் தெரியாது. ஒன்று கேட்கிறேன், அரசு மேப் இருக்கும்போது இவர் ஏன் புதிதாகப் போட வேண்டும்? வீட்டில் உட்கார்ந்து, கால் படாத காட்டுக்குப் படம் வரைந்து, அதை நம்பி நாலு பேர் ஆற்றில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மச்சான் மேப் அழகாக இருக்கிறது என்று அவர்கள் அரசுத் தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் என்ன செய்வீர்கள்?

குமுளிக்காரன்

மறையூர் அண்ணே கேட்பது நியாயம். அரசுத் தாளை விட்டுவிட்டுப் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்பது முழு வழியும் வருகிற மாதிரி நீளமான பட்டையாக, கூடாரம் போடும் இடம், படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய கரை எல்லாம் குறித்த ஒன்று. தனித்தனித் தாளாகப் பிரித்துக்கொண்டு காற்றில் நிற்க முடியாது என்கிறார்.

சர்வேயர் சார், தாளின் பழைய ஸ்கேன் இறக்கிவிட்டேன், இலவசமாகத்தான் கிடைக்கிறது. ஒட்டும்போது புதுச் சிக்கல். உலகைத் தீர்க்கப் பட்டைகளாகப் பிரித்து மீட்டர் கட்டம் போடும் யுடிஎம் முறையில், தாள்களில் பாதி 13-வது ஸோன், பாதி 14. கட்டங்கள் ஒன்றுக்கொன்று கோணலாக நிற்கின்றன. காம்பஸ் பற்றியும் அவர் கேட்டார், தாளில் போட்டிருக்கும் காந்த விலகலை, அதாவது காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணத்தை, அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாமா?

நகரி ஜிஐஎஸ்

அண்ணா, 102 டிகிரி மேற்கில்தான் ஸோன் மாறுகிறது. வடமேற்குப் பிரதேசத்துக்கும் நுனாவுட்டுக்கும் எல்லை அந்தப் பக்கத்தில் அதே கோட்டில்தான் போகிறது, கீழே 60-ல் மானிட்டோபாவும் சஸ்காச்சுவனும் வந்து நான்கும் ஒரே புள்ளியில் முட்டுகின்றன. காஸ்பா ஏரியின் பெரும்பகுதி மேற்கே, எனடாய் கிழக்கே, ஆகவே கோட்டைத் தாண்டாமல் பயணமே இல்லை. நாமும் தேனியிலிருந்து மதுரை போகும்போது 78 கிழக்கைத் தாண்டி 43-லிருந்து 44-க்குப் போகிறோம், ஆனால் நமக்கு அது தெரிவதில்லை. காரணம், கட்ட வடக்குக்கும், அதாவது மேப் கட்டத்தின் கோடு காட்டும் வடக்குக்கும், உண்மை வடக்குக்கும் உள்ள கோணம் அட்சத்தின் சைனைப் பொறுத்தது. ஸோனின் ஓரத்தில் நம் அட்சத்தில் அரை டிகிரி சொச்சம். 60-ல் 2.6 டிகிரி, அதுவும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு திசை, அந்தப் பக்கம் எதிர்த் திசை. கோட்டைத் தாண்டியதும் கட்ட வடக்கு 5 டிகிரிக்கு மேல் குதிக்கும். நீங்கள் கோணல் என்று பார்த்தது அதைத்தான்.

எனவே இரண்டு ஸோனையும் விட்டுவிடுங்கள். 102-ஐயே மையக்கோடாக வைத்து ஒரு டிரான்ஸ்வர்ஸ் மெர்க்கேட்டர் வீழல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், க்யூஜிஐஎஸ்ஸில் கஸ்டம் ப்ரொஜெக்ஷன் பத்து நிமிட வேலை. அச்சில் மீட்டர் கட்டம் போடாதீர்கள், அட்ச தீர்க்கக் கோடு மட்டும் போட்டு அவர்கள் ஜிபிஎஸ்ஸையும் டிகிரி, நிமிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கருவி தானாக ஸோன் மாறி, நீங்கள் போட்ட கட்டத்தோடு பொருந்தாமல் நிற்கும்.

காந்த விலகல்: பழைய தாளில் இருப்பதை எழுதவே எழுதாதீர்கள். நம் பக்கம் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒட்டி நிற்பதால் யாரும் திருத்துவதுகூட இல்லை. காந்த வடதுருவம் 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கண்டபோது கனடாவின் வடகரையில் பூத்தியா தீபகற்பத்தில் இருந்தது, பிறகு நகர்ந்துகொண்டே போய் இப்போது சைபீரியாவைப் பார்த்து ஓடுகிறது. வேகம் கூடிப்போனதால் உலகக் காந்த மாதிரியை 2019-ல் கெடுவுக்கு முன்பே திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. தாளில் வருஷத்துக்கு இத்தனை நிமிடம் மாற்றம் என்று எழுதியிருப்பதைப் பெருக்கிக் கூட்டினாலும் சரியாக வராது, அந்த மாற்றமே மாறிவிட்டது. கனடா அரசின் இணையக் கணக்கியில் பயணத் தேதியைக் கொடுத்து எடுங்கள். ஒரு டிகிரி தவறினால் கிலோமீட்டருக்கு 17 மீட்டர் விலகும். பத்து டிகிரி தவறி 10 கிலோமீட்டர் ஏரியைக் கடந்தால் எதிர்க்கரையில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போய் முட்டுவார்கள், கரை முழுக்க ஒரே மாதிரி முனைகளும் தீவுகளும் உள்ள ஏரியில்.

பாலக்காட்டுச் சர்வேயர்

நகரித் தம்பி சொன்னது சரி. திசையாவது பரவாயில்லை, அட்சமே தவறிய கதையும் அந்த நாட்டில் உண்டு. சாமுவேல் ஹெர்ன் 1771-ல் காப்பர்மைன் ஆற்றின் முகத்துவாரம் வரை நடந்தே போனார், கூட்டிக்கொண்டு போனவர் மட்டோனபி என்கிற டெனே பழங்குடித் தலைவர். ஹெர்னுடைய நல்ல கோணமானி முந்தின பயணத்திலேயே உடைந்துவிட்டது, பழையது ஒன்றைத்தான் எடுத்துப் போனார். முகத்துவாரத்துக்கு அவர் கொடுத்த அட்சம் 71 டிகிரி 54 நிமிடம். உண்மையில் அது 68-க்கும் கீழே. 400 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே தூக்கி வைத்துவிட்டார், ஆனால் போய் வந்த வழி பிசகவில்லை, ஏனென்றால் வழி மட்டோனபிக்குத் தெரியும்.

மாப்பிள்ளை போகிற அதே காசான் ஆற்றை முதலில் வரைந்தவர் கனடா நிலவியல் துறையின் ஜே. பி. டிரெல், 1894-ல், கனோவிலிருந்தே.

ஆரியங்காவு டீச்சர்

புவியியல் எடுக்கிறவள், ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு விஷயம்.

மறையூர்க்காரர் "கால் படாத காடு" என்று எழுதியிருக்கிறார். எனடாய் ஏரிக்கரை அஹியார்மியுட் என்கிற இனுயிட் மக்களின் இடம், கரிபூ மான் கூட்டம் ஆற்றைக் கடக்கும் இடங்களை வைத்து வாழ்ந்தவர்கள். கனடா அரசு 1950-களில் அவர்களைத் திரும்பத் திரும்ப வேறு இடங்களுக்குக் கொண்டுபோய் விட்டது, பலர் பசியில் செத்தார்கள், 2019-ல்தான் மன்னிப்புக் கேட்டது. டிரெல்லுக்கும் 1894-ல் அந்த ஆற்றில் உதவியது அங்கே இருந்த இனுயிட்கள்தான். மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், கரையில் கல் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் கலைக்க வேண்டாம், கூடார வட்டக் கற்களை எடுத்து அடுப்புக் கூட்டவும் வேண்டாம்.

இரண்டாவது, கூடாரம் போடும் இடம் கேட்டிருந்தார். மேப்பில் எஸ்கரைத் தேடுங்கள். பனிக்கட்டிக்கு அடியில் ஓடிய ஆறு மணலையும் சரளையையும் கொட்டிவிட்டுப் போன நீண்ட வளைந்த மேடு அது, சுற்றி எல்லாம் சதுப்பாக இருந்தாலும் அதன் மேல் காய்ந்திருக்கும், காற்றும் அடிக்கும், கொசுவுக்கு அது ஒன்றுதான் மருந்து. என்டிஎஸ் தாளில் அதற்குத் தனிக் குறி இருக்கிறது. 30 மீட்டர் டெம்மில் பாதி எஸ்கர்கள் கரைந்து போய்விடும், ஆர்க்டிக்டெம் 2 மீட்டரில், வெயில் பட்டது போல மேடு பள்ளத்துக்கு நிழல் போட்டால் எழும்பி நிற்கும், பார்க்கவே அழகு.

நகரி ஜிஐஎஸ்

டீச்சர் சொன்னதை வைத்து என் யோசனையை மாற்றிக்கொள்கிறேன். அண்ணா, கான்டூர் நீங்கள் போடவே வேண்டாம். அரசின் கான்வெக் தரவில் ஏரி, ஆறு, கான்டூர் எல்லாம் வெக்டராக இலவசம், அதைக் கீழே போட்டு ஆர்க்டிக்டெம்மிலிருந்து நிழல் மட்டும் மேலே மெல்லியதாகப் போடுங்கள். உயரத்தின் எண் தேவைப்படாத இடத்தில் ஆர்க்டிக்டெம்மை வெல்ல ஆள் இல்லை. நிழலுக்கு நீள்வட்டமா ஜியாய்டா என்கிற தகராறும் கிடையாது.

ரேபிட்ஸுக்கு எந்தக் கான்டூரும் பதில் சொல்லாது. 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் ஆற்றைக் கடக்கின்றன என்றால் நடுவில் அந்த 10 மீட்டர் சீராக இறங்குகிறதா, ஒரே இடத்தில் விழுகிறதா என்று கோட்டுக்குத் தெரியாது. தாளில் ரேபிட்ஸ் குறி இருக்கும், அது வான்படம் எடுத்த நாளில் வெள்ளை நுரை தெரிந்த இடம், அவ்வளவே. சென்டினல் 2 படங்களில் வேறு வேறு வருஷத்து ஜூலையை எடுத்து ஆற்றை மேலிருந்து கீழே பாருங்கள், 10 மீட்டர் பிக்சலில் பெரிய நுரை தெரியும், சின்னது தெரியாது. 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றின் நீர்மட்டத்தையும் சரிவையும் அளக்கிறது, அகலமான பகுதிகளில் எந்தத் துண்டு செங்குத்து என்று அதில் பார்க்கலாம். நுரை, சரிவு, பழைய குறி மூன்றும் சேருகிற இடத்தில் சிவப்பு. ஒன்று மட்டும் சொல்கிற இடத்தில் மஞ்சள். மஞ்சளில் கரையேறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று மேப்பிலேயே எழுதிவிடுங்கள்.

மறையூர் மலைக்காரன்

சிவப்பிலும் கரையேறித்தான் பார்க்க வேண்டும். குறி இல்லாத வளைவிலும்தான்.

குமுளிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. கான்வெக் இறங்கிக்கொண்டிருக்கிறது, 102 மையக்கோட்டு ப்ரொஜெக்ஷன் எழுதிவிட்டேன், தாள்கள் இப்போது நேராக ஒட்டுகின்றன. ஸ்வாட் தரவு எங்கே இறக்குவது என்று மட்டும் நகரித் தம்பி சொல்லுங்கள். அரசுத் தாள்களின் அச்சுப் பிரதியை வின்னிபெக்கிலேயே நனையாத காகிதத்தில் இரண்டு செட் எடுத்து, ஒவ்வொரு கனோவிலும் ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன், என் பட்டையை அதற்கு மேல்தான் தருவேன்.

நகரி ஜிஐஎஸ்

நாசாவின் எர்த்டேட்டாவில் கணக்குத் திறந்தால் இலவசம். ரிவர் எஸ்பி என்று இருக்கும் ஷேப்ஃபைலை எடுங்கள். ஏரியிலும் ஆற்றிலும் பனிக்கட்டி மூடிய மாதங்களின் தரவை வடிகட்டி விடுங்கள், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் போதும்.